பின்னற்கலையின் வரலாறும் பேரேட்டில் ஏறாத உழைப்பும்

ஐப்பசி கழிந்து கார்த்திகை பிறந்ததும், தலைநகராகிய தில்லியில் வாழும் தமிழர் இல்லங்களில் பரண்மேல் இருக்கும் பெட்டிகள் கீழே இறங்கும். அந்துருண்டை மணக்கும் அப்பெட்டிகளில், கடையில் வாங்கிய உடுப்புகளோடு கையால் பின்னிய ஸ்வெட்டர் ஒன்றேனும் இருப்பது வழக்கம். அதனை யார் பின்னினார், யாருக்காகப் பின்னினார், இப்போது அணியும் பிள்ளை எத்தனையாவது ஆள் என்பதையெல்லாம் வீட்டார் தவறாமற் சொல்வர். ஆனால் அதைப் பின்னி முடிக்க எத்தனை மணிநேரம் ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "அதையெல்லாம் யார் கணக்குப் பார்த்தார்கள்? சும்மா இருந்த நேரத்தில் போட்டதுதானே!" என்ற விடையே வரும்.

இந்தச் 'சும்மா இருந்த நேரம்' என்பதைப் பற்றியே இக்கட்டுரை. இரயில்வே அலுவலகத்தில் பேரேடுகளோடு பழகிய நமக்கு, ஒரு செலவு எந்தத் தலைப்பின் கீழும் ஏறாமற் போனால் மனம் ஒப்புவதில்லை. பின்னல் ஊசியின் வரலாற்றைப் புரட்டினால், பட்டினியைத் தீர்த்ததும், போர்வீரரின் பாதங்களைக் காத்ததும் இந்தக் கணக்கில் ஏறாத நேரமே என்பது விளங்கும். அதே வரலாறு மற்றோர் உண்மையையும் காட்டும். அதனை முறையே காண்போம்.

இரு கலைகள்

பின்னல் என்னும் பொதுப்பெயரால் நாம் வழங்குவது உண்மையில் இரு கலைகள். ஒன்று, இரண்டு நீண்ட ஊசிகளைக் கொண்டு செய்வது. ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியில் திறந்தபடி நிற்க, அவற்றின் ஊடே அடுத்த வரிசை இழுக்கப்படும். மற்றொன்று, முனையில் வளைவுள்ள ஒற்றைக் கொக்கியால் செய்வது. இதனைக் குரோஷா என்பர். இதில் பெரும்பாலும் ஒரு கண்ணியே திறந்திருக்கும். அதனை முடித்த பின்னரே அடுத்ததற்குச் செல்லவேண்டும்.

தறியில் நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நேராக நிற்கின்றன. பின்னலிலோ ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிகளாகின்றது. ஆதலால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், கண்ணிகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி உடற்சூட்டைக் காக்கும். காலுறைக்கும் கையுறைக்கும் இதனினும் ஏற்ற துணி இல்லை எனலாம்.

இவ்விரண்டுக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஊசிப் பின்னலை இயந்திரம் செய்யும்; திருப்பூர்ப் பின்னலாடை அதற்குச் சான்று. குரோஷாவுக்கு ஒத்த தோற்றமுள்ள துணியை நெய்யும் இயந்திரங்களும் உண்டு. ஆயினும் கொக்கியால் போடும் உண்மையான குரோஷாவை ஆலைகள் செய்வதில்லை. ஆகவே, உலகின் எந்தக் கடையில் குரோஷாப் பொருள் ஒன்று தொங்கினாலும், அதன் ஒவ்வொரு கண்ணியையும் யாரோ ஒருவர் கையால் போட்டிருக்கிறார் என்று கொள்ளலாம். இதனை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்பி வருவோம்.

தோற்றமும் பயணமும்

நம் தமிழ்நாட்டுக்கு நூற்றலும் நெய்தலும் தொன்மையானவை. ஆண்துணை இல்லாத மகளிர் நூல் நூற்று வாழ்ந்த செய்தியைச் சங்கநூல்களே குறிக்கின்றன. ஊசிப் பின்னலோ நம்மிடையே வந்த விருந்தாளி. ஊர்விட்டு ஊர் வந்து ஊன்றிக்கொண்ட நம்மைப் போலவே இக்கலையும் நெடுந்தொலைவு நடந்து வந்ததாகும்.

எகிப்து நாட்டில் கிடைத்த சிவப்புக் கம்பளிக் காலுறை இணை ஒன்று இலண்டன் நகரின் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் உள்ளது. அது கி.பி. 3 முதல் 5ஆம் நூற்றாண்டுக்குள் செய்யப்பட்டது. செருப்பின் வாரில் மாட்டுவதற்கேற்பப் பெருவிரலுக்குத் தனி உறை கொண்டது. எனினும் அஃது ஒற்றை ஊசியால் முடிந்து முடிந்து செய்யும் பழைய முறையைச் சேர்ந்தது. நாம் இன்று அறிந்த ஊசிப் பின்னலின் பழைய சான்றுகள் கி.பி. 11 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான எகிப்தியக் காலுறைத் துண்டுகளே. நீலமும் வெள்ளையுமாகப் பருத்தி நூலில் பின்னியவை அவற்றுட் பல. அங்கிருந்து இக்கலை மத்தியதரைக் கடலைக் கடந்து ஸ்பெயின் நாட்டை அடைந்தது. 1275இல் இறந்த இளவரசர் பெர்னாந்தோவின் கல்லறையில், பட்டு நூலில் பின்னிய தலையணை உறை கண்டெடுக்கப்பட்டது.

ஐரோப்பாவின் பல நகரங்களில் கைப்பின்னல் ஆடவர் தொழிலாகவே சங்கம் அமைத்து நடைபெற்றது. அச்சங்கங்களில் ஆசான் என்ற தகுதியைப் பெற விரும்பியவன் பல ஆண்டுகள் பயின்று, பின் குறித்த வாரங்களுக்குள் பூவேலைப்பாடு அமைந்த பெரிய விரிப்பு ஒன்றையும், தொப்பி, மேற்சட்டை, காலுறை முதலியவற்றையும் பின்னிக் காட்டவேண்டும். பெரு நாட்டின் டிட்டிக்காக்கா ஏரியில் உள்ள தக்கீலே தீவில் இன்றும் ஆண்களே தொப்பி பின்னுகின்றனர். அத்தீவின் துணிக்கலையை 2005இல் யுனெஸ்கோ நிறுவனம் மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. பின்னல் என்பது பெண்பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று கருதும் அன்பர்களுக்காகவே இவற்றைக் குறிப்பிட்டோம்.

1589இல் இங்கிலாந்தின் கால்வர்ட்டன் என்னும் ஊரைச் சேர்ந்த வில்லியம் லீ என்ற பாதிரியார் காலுறை பின்னும் இயந்திரத்தை அமைத்தார். ஏழைப் பின்னலாளரின் பிழைப்புக் கெடும் என்று அஞ்சி எலிசபெத் அரசியார் அதற்கு உரிமை வழங்க மறுத்தார் என்று ஒரு வரலாறு வழங்குகின்றது. லீ பிரான்சு சென்று அங்கேயே மறைந்தார். அவருடைய இயந்திரமோ மறையவில்லை. அதன் வழிவந்தவையே பனியன் ஆலைகளின் இயந்திரங்கள். சந்தைக்கான காலுறையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. அன்பளிப்புக்கான காலுறை கையிலேயே தங்கியது.

பசி தீர்த்த கொக்கி

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதுவே ஏழைகளின் ஒரே உணவு. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறக்குறைய 10 இலட்சம் மக்கள் பட்டினியாலும் நோயாலும் மாண்டனர். மேலும் 10 இலட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். அக்காலத்தில் கார்க் நகரையடுத்த பிளாக்ராக் ஊரின் உர்சுலின் கன்னிமாடத்தார் ஏழைப் பெண்களுக்குக் குரோஷா கற்பித்தனர். 1847இல் குளோன்ஸ் என்னும் ஊரில் பாதிரியாரின் மனைவியாகிய கசாண்ட்ரா ஹேண்ட் அம்மையார் அதே பணியைத் தொடங்கினார்.

ஒரு கொக்கி, ஒரு நூற்கண்டு. வேறு முதலீடு வேண்டியதில்லை. ஒருத்தி ரோஜாவைப் பின்னுவாள். மற்றொருத்தி இலையைப் பின்னுவாள். மூன்றாமவள் இவற்றை ஒன்றாக இணைப்பாள். இவ்வாறு உருவான லேஸ் இலண்டன், பாரிஸ் நகரச் சீமாட்டிகளின் கழுத்தை அலங்கரித்தது. பின்னியவளின் வீட்டில் உலை கொதித்தது. பயிர் பொய்த்த வீட்டில் குடும்பத்தைத் தாங்கியது பெண்களின் விரல்களே. தருமமாகத் தொடங்கியது தொழிலாக நிலைத்தது. பிச்சையாக மாவு கொடுப்பதற்கும், மாவு வாங்கும் வழியைக் கற்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இஃது உலகுக்கு உணர்த்தியது.

போர்க்களம் சென்ற காலுறைகள்

நம் குழந்தைகளுக்குத் தாய்மார் மாட்டிவிடும் 'மங்கி குல்லா'வுக்கு ஆங்கிலத்தில் பாலக்லாவா என்று பெயர். கிரிமியப் போரில் 1854 அக்டோபர் 25ஆம் நாள் நடந்த பாலக்லாவா சண்டையின் நினைவாகப் பிற்காலத்தில் அமைந்த பெயர் அது. அப்போரின் கடுங்குளிரில் படைவீரர் பட்ட பாடு, வீட்டிலிருந்து கம்பளி உடுப்பு பின்னி அனுப்பும் வழக்கத்தை வளர்த்தது.

1900இல் தென்னாப்பிரிக்கப் போரின்போது, எண்பது வயதான விக்டோரியா பேரரசியார் தம் கையாலேயே 8 கழுத்துப்பட்டிகளைக் குரோஷாவால் பின்னி, வீரத்திற் சிறந்த போர்வீரர்களுக்கு வழங்கச் செய்தார். அந்த எட்டும் வரலாற்றில் எண்ணப்பட்டு நிற்கின்றன. அதே போரில் பெயர் தெரியாத தாய்மார் பின்னிய காலுறைகளை எண்ணியவர் யார்? அரசி பின்னினால் அது வரலாறு. அடுக்களைப் பெண் பின்னினால் அது 'சும்மா இருந்த நேரம்' அன்றோ!

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. பதுங்குகுழிகளில் முழங்கால்வரை சேற்றுநீர். நனைந்த காலுறையுடன் நாட்கணக்கில் நின்ற வீரர்களின் பாதங்கள் மரத்து, வீங்கி, அழுகின. 1914–15 குளிர்காலத்தில் மட்டும் ஆங்கிலேயப் படையில் ஏறக்குறைய 20,000 பேர் இந்நோய்க்கு ஆளாயினர். உலர்ந்த காலுறையை அடிக்கடி மாற்றுவதே இதற்குரிய முதற்காப்பு. எனவே காலுறை என்பது துப்பாக்கித் தோட்டாவைப் போன்றே இன்றியமையாத பொருளாயிற்று. 1914 செப்டம்பரில் பிரான்சு நாட்டு மார்செய்ல்ஸ் துறைமுகத்தில் இறங்கிய இந்தியப் படையினரும் அந்தக் குளிர்காலத்தை அங்கே கழித்தனர். அவர்களுக்கென 'இந்தியப் படைவீரர் நிதி' ஏற்படுத்தப்பட்டு, கம்பளி உடுப்புகள் திரட்டி அனுப்பப்பட்டன.

அமெரிக்கா போரில் இறங்கியதும் அங்குள்ள செஞ்சிலுவைச் சங்கம் பெண்களையும் பள்ளிச் சிறுவர்களையும் பின்ன அழைத்தது. கம்பளி தட்டுப்பாடான அக்காலத்தில் குடியரசுத் தலைவர் வில்சனின் வெள்ளை மாளிகைப் புல்வெளியிலேயே ஆடுகள் மேய்ந்தன. அவற்றின் உரோமம் ஏலம் போய் 50,000 டாலருக்கு மேல் அச்சங்கத்துக்குக் கிட்டியது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அன்போடு பின்னிய காலுறை அனைத்தும் பயன்பட்டுவிடவில்லை. குதிகாலில் ஒரு முடிச்சு இருந்தால், நெடுந்தொலைவு நடக்கும் வீரனுக்கு அது கொப்புளமாகும். ஆகவே செஞ்சிலுவைச் சங்கம் அளவும் நிறமும் வடிவமும் குறித்துக் கட்டளைத் தாள்களை அச்சிட்டு வழங்கியது. கொடுப்பவரின் விருப்பம் அன்று, பெறுபவரின் பாதமே அளவுகோல் என்பது அதனால் நிலைநாட்டப்பட்டது.

இந்திய மண்ணில்

நம் நாட்டில் ஐரோப்பிய நூற்கைவேலைகள் வேர்கொண்ட கதையில் நாகர்கோவிலுக்கு முதன்மையான இடம் உண்டு. 1819இல் அங்கு வந்த சார்லஸ் மால்ட் என்ற மிஷனரியின் மனைவியாகிய மார்த்தா மால்ட் அம்மையார், பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்தார். இது குரோஷா அன்று. திண்டின்மேல் குண்டூசி குத்தி, சிறு மரக்கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னும் வகை. அக்காலத் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டத்திலேயே இருந்தது, 1855இல்தான் ஒழிந்தது. அதற்கு முன்னரே, அடிமைகளாகப் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் பின்னி ஈட்டிய பொருளைக் கொடுத்துத் தம்மைத் தாமே மீட்டுக்கொண்டனர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. விரல் அசைவுக்கு விடுதலையே விலையாகக் கிடைத்த அரிய வரலாறு இது. இதனைத் தமிழர்களாகிய நாம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும்.

வடக்கே இமயத்தின் லாகுல் பள்ளத்தாக்கில் மொரேவிய மிஷனரிமார் கேலாங் என்னும் ஊரில் 19ஆம் நூற்றாண்டின் இடைக்காலத்தில் குடியேறினர். அங்கு வந்த மரியா ஹைடே அம்மையார் ஊர்ப் பெண்களுக்குக் காலுறை பின்னக் கற்பித்தார். லாகுல் காலுறையும் கையுறையும் இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள்.

ஆந்திர நாட்டில் கோதாவரிக் கரையின் நரசாபுரம் மற்றொரு வரலாறு சொல்கிறது. அங்கும் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிமார் வழியாகக் குரோஷா புகுந்தது. பின்னர் சுற்றுப்புறச் சிற்றூர்களில் பல்லாயிரம் பெண்களின் தொழிலாயிற்று. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர்கள் பின்னிய மேசைவிரிப்புகள் கடல் கடந்து சென்றன. ஜெர்மன் நாட்டுச் சமூகவியலார் மரியா மீஸ் அங்கு தங்கி ஆராய்ந்து, 1982இல் ஒரு நூலை வெளியிட்டார். அவர் கண்டது யாதெனில், இப்பெண்கள் நாள் முழுவதும் உழைத்தும் தொழிலாளராக எண்ணப்படவில்லை. வீட்டில் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் இல்லத்தரசிகள் என்றே எண்ணப்பட்டனர். அதனால் அவர்களுக்குக் கிடைத்த கூலி, சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் மிகத் தாழ்ந்தது. ஏற்றுமதியின் ஆதாயமோ வணிகரைச் சேர்ந்தது. நரசாபுரம் குரோஷா லேஸ் 2024இல் புவிசார் குறியீடு பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் பொருளுக்குப் பெயர் கிடைத்தது போல, பின்னிய கைக்கும் உரிய பங்கு கிடைக்கவேண்டும்.

மேலே நாம் நினைவில் வைக்கச் சொன்னது இங்கேதான் பொருந்துகின்றது. குரோஷாவை இயந்திரம் செய்யாது. அப்படியானால், கடையில் ஒரு குரோஷாப் பை மிகமலிவாகத் தொங்கினால் அந்த மலிவு எங்கிருந்து வந்தது? ஆலையின் வேகத்திலிருந்து வரவில்லை. ஒரு பெண்ணின் கூலியிலிருந்து வந்தது. 'சும்மா இருந்த நேரம்' என்னும் சொல் வீட்டுக்குள் இருக்கும்வரை அடக்கமாகத் தோன்றும். அதுவே சந்தைக்குச் சென்றால் கூலியை விழுங்கும் சொல்லாகிவிடும்.

மலையேறிய குடும்பங்களும் 1962ஆம் ஆண்டும்

1911இல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவிப்பு வந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அரசாங்க அலுவலகங்கள் குளிர்காலத்தில் தில்லியிலும் கோடையில் சிம்லாவிலுமாக நடந்தன. கோப்புகளோடு சென்னை மாகாணத்து எழுத்தர்களின் குடும்பங்களும் மலையேறி இறங்கின. வெயிலையன்றி வேறொன்றையும் அறியாத தஞ்சாவூர், திருநெல்வேலிப் பெண்கள், வடநாட்டு அண்டைவீட்டாரிடம் ஊசி பிடிக்கக் கற்றனர். அதனாலேயே நம் இல்லத்துப் பாட்டிமாரின் பின்னல் மொழியில் 'சீதா', 'உல்ட்டா', 'பந்தா' என இந்திச் சொற்கள் கலந்திருந்தன. 1947க்குப் பின் பஞ்சாபிலிருந்து அகதிகளாக வந்தோர் தில்லியில் குடியேறியபோது, கரோல் பாக் போன்ற இடங்களில் மாடிவெயிலில் தமிழ் மாமிகளும் பஞ்சாபிப் பெண்களும் ஒருங்கே அமர்ந்து பின்னினர். மொழி புரியாதவிடத்து ஊசியே மொழிபெயர்ப்பாளராக நின்றது.

இவ்வாறு கற்ற கலைக்கு 1962இல் ஒரு சோதனை வந்தது. அக்டோபர் 20ஆம் நாள் சீனப்படை எல்லையில் பாய்ந்தது. நாம்கா சூ ஆற்றங்கரையில், பதினாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், நம் ஜவான்கள் பலர் கோடைக்குரிய பருத்தி உடுப்போடு நின்றனர் என்பது வரலாறு அறிந்த துயரம். அக்டோபர் 27ஆம் நாள் தேசப் பாதுகாப்பு நிதி தொடங்கப்பட்டது. பெண்கள் கைவளையல்களைக் கழற்றிக் கொடுத்தனர். அவ்வளவோடு நில்லாமல் ஊசியையும் கையில் எடுத்தனர். கல்லூரியிலும் அலுவலக இடைவேளையிலும் வீட்டு முற்றத்திலும், மாநில வேறுபாடின்றி, ஸ்வெட்டரும் காலுறையும் மப்ளரும் வளர்ந்தன. கொடுத்த பொன்னுக்கு இரசீது உண்டு. கொடுத்த நேரத்துக்கு இரசீது இல்லை.

நாற்பத்தேழாயிரம் கண்ணிகள்

அந்த நேரத்தை ஒருமுறை கணக்கிட்டுப் பார்ப்போம். நடுத்தர உடலுள்ள ஆடவருக்கு ஒரு முழுக்கை ஸ்வெட்டர் என்று கொள்வோம். முன்பக்கம் வரிசைக்கு 100 கண்ணிகள், 160 வரிசைகள், ஆக 16,000. பின்பக்கமும் அவ்வாறே 16,000. கை ஒன்றுக்குச் சராசரி 60 கண்ணிகள், 130 வரிசைகள், அஃதாவது 7,800, இரு கைகளுக்கும் 15,600. மொத்தம் 47,600 கண்ணிகள். தேர்ந்த கை நிமிடத்துக்கு 30 கண்ணி போடுவதாகக் கொண்டால் 26 மணிநேரத்துக்கு மேலாகும். கழுத்துப்பட்டியும் மூட்டுத் தையலும் இதிற் சேரவில்லை. பிழைபட்டுப் பிரித்துப் பின்னியதும் சேரவில்லை.

எட்டுமணிநேர அலுவலகக் கணக்கில் இது மூன்று நாளுக்கு மேற்பட்ட வேலை. ஆனால் இல்லத்துப் பெண்ணுக்கு அப்படி மூன்று நாள் சேர்ந்தாற்போல் யார் விடுப்புத் தருவார்? சமையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பிள்ளையின் பாடம் பார்த்து, எஞ்சிய ஒருமணிநேரத்திற் பின்னினால் ஒரு மாதம் ஆகும். அந்த ஒருமணி, ஓய்வு நேரம் என்று நாம் பெயரிட்டது. உண்மையில் அவர் தம் ஓய்வைப் பிறருக்கு ஈந்த நேரம். ஈந்ததற்கு விலை கேட்பது அன்புக்கு இழுக்கு, அதனை ஒப்புகின்றோம். விலை கேளாமை வேறு. மதிப்பு அறியாமை வேறு.

கொடையின் முறை

குளிரில் வாடிற்று என்று மயிலுக்குத் தன் போர்வையை ஈந்த பேகனைத் தமிழுலகம் வள்ளல் என்று போற்றுகின்றது. அவ்வகைக் கொடையைக் கொடைமடம் என்றனர் ஆன்றோர். பெறுவதன் தேவையை ஆராயாமல் அருளால் மட்டுமே எழுந்த கொடை அது. மன்னனுக்கு அது பெருமை. அளவான நேரமும் அளவான கம்பளியும் கொண்டு தருமம் செய்வோர்க்கோ, ஆராய்ந்து கொடுத்தலே முறை.

நம் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி விரிசல் காணக்கூடும். ஆதலின் இரவில் இருப்புப்பாதையை நடந்தே பார்த்துவரும் ரோந்துப் பணி உண்டு. அப்பணியாளர்க்கு என்ன பின்னிக் கொடுக்கலாம்? மங்கி குல்லாவே முதலில் நினைவுக்கு வரும். ஆனால் அது காதை மூடும். மூடுபனியில் கண் மங்கும்போது, வரும் வண்டியை அறிய அவருக்கு எஞ்சுவது காது ஒன்றே. ஆகவே அவருக்கு நாம் கொடுக்கத்தக்கது, முடிச்சில்லாத நல்ல காலுறையே. மங்கி குல்லா இரவுக்காப்பகத்தில் உறங்கும் முதியவருக்கு உரியது. அன்பு ஒன்றுதான்; கொடுக்கும் இடம் அறியாவிடில் அதே அன்பு இடையூறாகும்.

குறைமாதக் குழந்தைகளின் உடற்சூடு தலைவழியே விரைவில் இழக்கப்படும். அவர்களுக்குச் சிறு தொப்பி பெரும் உதவி. அதற்கும் மென்மையான, அடிக்கடி துவைக்கத்தக்க நூல் எது, அளவு எது என்பதை மருத்துவமனைச் செவிலியரைக் கேட்டறிதல் வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்காகப் பருத்தி நூலில் மென்மையான செயற்கை மார்பகம் பின்னி இலவசமாக வழங்கும் தொண்டர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். நம் நாட்டிலும் உள்ளனர். வெளியே சொல்லத் தயங்கும் துன்பத்தை அறிந்து துடைக்கும் இத்தொண்டை எத்துணைப் பாராட்டினும் தகும்.

கூடிப் பின்னும் ஆற்றலுக்குச் சென்னை மாநகரமே சான்று. தென்னாப்பிரிக்காவில் 2013இல், நெல்சன் மண்டேலாவின் 67 ஆண்டுப் பொதுவாழ்வை நினைத்து 67 போர்வைகள் என்று தொடங்கிய இயக்கம் பல்லாயிரம் போர்வைகளாக வளர்ந்து, உலகிற் பெரிய குரோஷாப் போர்வை என்னும் சாதனையையும் படைத்தது. அச்சாதனையை 2016 ஜனவரி 31ஆம் நாள் சென்னையிற் கூடிய இந்தியப் பெண்கள் குழு முறியடித்தது. அவர்கள் இணைத்த போர்வையின் பரப்பு 11,148.5 சதுரமீட்டர். அது காட்சிப்பொருளாகவே நின்றுவிடவில்லை. தனித்தனிப் போர்வைகளாகப் பிரிக்கப்பட்டு ஏழைகளுக்குச் சென்றது. வெப்பநகரில் பின்னிய போர்வை குளிரில் வாடுவோரைச் சேர்ந்தது என்பதில் ஓர் அழகு உண்டன்றோ?

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம்

வரலாறு படிப்பது கடந்ததை வியப்பதற்கு மட்டும் அன்று. ஆகவே சங்கத்தார் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

முதலாவது, சங்கத்தின் சார்பில் குளிர்கால உடுப்பு வழங்கும்போது, கையால் பின்னிக் கொடுத்த தாய்மார், சகோதரிகளின் பெயரையும், அவர்கள் கொடுத்த மணிநேரத்தையும் நன்கொடைப் பதிவேட்டில் எழுதவேண்டும். பணம் கொடுத்தோர்க்குத் தனிப் பக்கம் உண்டு; நேரம் கொடுத்தோர்க்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். ரூபாயைப் போலவே மணிநேரமும் கூட்டிக் காட்டத்தக்க தொகையே.

இரண்டாவது, பின்னத் தொடங்குமுன் பெறுபவரைக் கேட்டறிய ஒரு சிறு குழு வேண்டும். எத்தனை காலுறை, எந்த அளவு, எந்த நூல் என்பதை அக்குழு முன்னரே தெரிவித்துவிட்டால் ஒரு கண்ணியும் வீணாகாது.

மூன்றாவது, நம் விழாக்களில் கைவேலைப் பொருளை விலைக்கு வாங்கும்போது பேரம் பேசலாகாது. அன்பளிப்புக்கு விலை இல்லை. ஆனால் விலைப்பொருளை அன்பளிப்பின் விலைக்குக் கேட்பது அறமும் இல்லை. நரசாபுரத்து வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் இதுவே.

ஊசியைப் பிடிக்க ஆடவரும் முன்வருதல் நன்று. தொப்பி பின்னும் தக்கீலே தீவினருக்கும், விரிப்புப் பின்னி ஆசானான பழைய ஐரோப்பியருக்கும் அதனால் எக்குறையும் நேர்ந்ததில்லை. அதற்கு மனமில்லாதோர் அடுக்களை வேலையில் ஒருமணிநேரத்தை ஏற்றுக்கொண்டால் போதும். அந்த ஒருமணிநேரத்தில் யாரோ ஒரு குழந்தைக்கு ஒரு தொப்பியின் பாதி முடிந்துவிடும்.

வாழ்க நம் தாய்மாரின் கைவண்ணம்! வளர்க நம் சங்கத்தின் அறப்பணி!